வெள்ளைச் செவுத்துல எத்தனை கலரு? – ஒரு பெயிண்ட் கடைக்காரனோட சீனப் பயண டைரி

நாள் 0, சிங்கப்பூர்

நாளைக்குக் காலைல ஃபிளைட். பேக்கிங் இன்னும் முடியல, வீட்டம்மா உள்ள புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கு மூணாவது கவர் போட்டுக்கிட்டு இருக்காங்க, நான் இங்க உக்காந்து டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன். எதுக்கு இந்தப் பயணம்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா இந்த ஆளு ஏன் ஊர் ஊரா போய் செவுத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறான்னு உங்களுக்குத் தோணும்.

எனக்கு பெயிண்ட் கடைல வேலை. 19 வருஷமா கலர் கலக்குற டின்டிங் மெஷின் பக்கத்துல நிக்கிறேன். வெள்ளை கேட்டு வர்றவங்கதான் அதிகம், அப்புறமா வந்து சண்டை போடுறவங்களும் அவங்கதான். கார்டுல வெள்ளையா இருந்துச்சு, செவுத்துல ஏத்துனா நீலமா தெரியுது, மஞ்சளா தெரியுதுன்னு டப்பாவைத் தூக்கிட்டு வருவாங்க. வெள்ளை பேஸ்ல வெறும் கறுப்பு மட்டும் விட்டா கிடைக்கிற சாம்பல் கலர் எப்பவுமே லேசா நீலம் அடிக்கும், ஜில்லுன்னு செத்துப்போன மாதிரி இருக்கும், அதுல கொஞ்சம் மஞ்சள் ஆக்சைடோ காவியோ விழுந்தாதான் உயிர் வரும். இது எனக்குக் கையால தெரிஞ்ச விஷயம், எந்தப் புத்தகத்துலயும் படிச்சது இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சிட்டி ஹால் பக்கம் போனப்ப செம மழை. நனையாம இருக்கலாம், ஏர்கானும் இருக்கும்னு நேஷனல் கேலரிக்குள்ள புகுந்தோம். ஒரு ரூம்ல சீன வீடுங்க படம். பாதிக்கு மேல வெறும் வெள்ளைச் செவுரு, மேல ஒரு கோடு கறுப்பு ஓடு, ஒரு ஓரமா சின்னக் கதவு. முடிக்காம விட்டுட்டாரு போலன்னு கிட்டப் போனேன். கிட்டப் போனா அந்த வெள்ளைல வெள்ளையே இல்லங்க. இளநீலம், அழுக்கு ரோஸ், சந்தனம், பச்சை கலந்த சாம்பல்னு கத்தியால தேய்ச்சு தேய்ச்சு வச்சிருக்கு, அஞ்சடி தள்ளி வந்தா எல்லாம் சேர்ந்து மழைக்கு முன்னாடி இருக்குற சுண்ணாம்புச் செவுரு. நான் அங்கயே நின்னுட்டேன், வீட்டம்மா தனியா ரெண்டு மாடி பாத்துட்டு வந்துட்டாங்க.

வரைஞ்சவர் பேரு வூ குவான்ஜோங். 1919ல பொறந்து 2010ல பெய்ஜிங்ல செத்துப் போனவரு. 2008ல 113 படத்தை சிங்கப்பூருக்கு சும்மாவே கொடுத்துட்டாரு, அதனாலதான் அது எங்க ஊர்ல தொங்குது. அன்னைலேருந்து எனக்கு ஒரே ஆசை, அந்தச் செவுரு நிஜமா எப்படி இருக்கும்னு நேர்ல பாக்கணும்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இப்ப 30 நாள் வரைக்கும் விசா வேணாம், அதனால பெருசா யோசிக்கல. மார்ச் கடைசி, மழைத்தூறல் சீசன். எல்லாரும் வெயில் காலத்துல போங்கன்னாங்க. இல்ல, எனக்கு மப்பும் மந்தாரமும்தான் வேணும்.

நாள் 1, ஹாங்ஜோ

வந்து எறங்கினதுமே தூறல். வீட்டம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு, எனக்கு மனசுக்குள்ள கொண்டாட்டம்.

சாப்பாட்டு விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். "வோ ச்சி சூ"ன்னா நான் சைவம்னு அர்த்தமாம், அதைச் சொல்லி ஆர்டர் பண்ணோம், காய்கறி நூடுல்ஸ் வந்துச்சு, அடில பொடிப்பொடியா பன்றிக்கறி. வீட்டம்மா தட்டைத் தள்ளி வச்சுட்டு பையிலேருந்து புளிக்காய்ச்சலை எடுத்தாங்க. வெறும் சோறு வாங்கி அதைப் பிசைஞ்சு சாப்பிட்டோம். மூணு கவர் போட்டதுக்கு இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்.

மத்தியானம் மேற்கு ஏரி. பாய் கரைப்பாதைல நடந்து போனா குஷான்னு ஒரு சின்னத் தீவு மாதிரி வருது. 1928ல இங்கதான் தேசிய கலைப் பள்ளி ஆரம்பிச்சாங்க, முதல் தலைவர் லின் ஃபெங்மியான், அவரே பிரான்ஸ் போய் படிச்சுட்டு வந்த ஓவியர்தான். வூவுக்கும் இந்த இடத்துக்கும் எப்படி சம்பந்தம் வந்துச்சுன்றது நம்மூர்ல நடந்த கதை மாதிரியே இருக்கும். பையன் கிராமத்து வாத்தியார் மகன், ஏகப்பட்ட தம்பி தங்கச்சி. படிச்சா வேலை கிடைக்கணும்னு எலக்ட்ரிக்கல் டிப்ளமா மாதிரி ஒரு படிப்புல சேத்து விடுறாங்க. 1935ல மாணவர்களுக்கு நடந்த ஒரு ராணுவப் பயிற்சி முகாம்ல இன்னொரு பையன் ஃபிரண்ட் ஆகுறான், ஜூ த-சுன், அவன் இந்தக் கலைப் பள்ளில படிக்கிறவன். வாடா எங்க ஸ்கூலைப் பாக்கலாம்னு கூட்டிட்டுப் போறான். அவ்ளோதான், எலக்ட்ரிக்கல் போச்சு. அடுத்த வருஷம் அப்பா அம்மா வயித்துல புளியைக் கரைச்சுட்டு இங்க வந்து சேந்துட்டாரு. அந்த ஜூ த-சுன் பின்னால பாரிஸ்ல குடியேறிப் பெரிய அப்ஸ்ட்ராக்ட் ஓவியர் ஆயிட்டாரு, அது தனிக்கதை.

ஒரே வருஷந்தான் நிம்மதியா படிச்சிருப்பாரு. 1937ல ஜப்பான்காரன் படையெடுப்பு, ஸ்கூலே மூட்டை கட்டிக்கிட்டு உள்நாட்டுப் பக்கம் ஓடுது, மலை மலையா, ஊர் ஊரா, குன்மிங் வரைக்கும் போய் அப்புறம் சோங்சிங். 1942ல அந்த ஓட்டத்துலயேதான் படிப்பை முடிச்சாரு.

குஷான்ல இருந்து ஏரியைப் பாத்தேன். தூரத்து மலை நாலு அடுக்கா தெரியுது, நாலும் சாம்பல், ஆனா நாலும் வேற வேற. முன்னாடி இருக்கறதுல பச்சை, பின்னாடி போகப் போக நீலம், கடைசி அடுக்கு வானத்தோட ஒட்டிக்கிட்டு எது மலை எது மேகம்னு தெரியல. கடைல எங்கிட்ட இருக்குற சாம்பல் கார்டுல எத்தனை இருக்கும்னு மனசுல எண்ணிப் பாத்தேன். பத்தாது.

நாள் 2, ஹாங்ஜோ

இன்னைக்குக் கொஞ்சம்தான். குஷான்ல ஆரம்பிச்ச அந்தக் கலைப் பள்ளி இப்ப கல்லூரியா நான்ஷான் ரோட்ல இருக்கு, கிட்டத்துலயே ஜெஜியாங் ஆர்ட் மியூசியம். சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இவங்களுக்கும் வூ படங்கள் கொடுத்தாரு. நாங்க போனப்ப வேற ஏதோ கண்காட்சி, அவர் படம் வெளிய இல்ல. போட்டும்.

ஏரிக்கரைல ஒரு டீக்கடைல உக்காந்து லோங்ஜிங் டீ குடிச்சோம், இந்த வருஷத்து முதல் பறிப்பாம், விலையைக் கேட்டதும் வீட்டம்மா கிளாஸை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு அங்க வச்சுதான் பாரிஸ் கதையைச் சொன்னேன்.

1947ல அரசாங்க ஸ்காலர்ஷிப்ல பாரிஸ் போறாரு. கலைப் பள்ளில ழான் சூவெர்பின்னு ஒரு வாத்தியார்கிட்ட மூணு வருஷம், நிர்வாண மாடல் வச்சு எண்ணெய் ஓவியம். அங்கயே தங்கியிருந்தா வசதியா இருந்திருக்கலாம், கூடப் படிச்சவங்க சிலர் தங்கினாங்க, உலகப் பேரும் வாங்கினாங்க. இவர் 1950ல திரும்பி வந்துட்டாரு. பெய்ஜிங்ல மத்திய கலைப் பள்ளில வாத்தியார் வேலை. பாரிஸ்லேருந்து தூக்கிட்டு வந்த படப் புத்தகங்களை எல்லாம் பசங்ககிட்ட ஆசையா காட்டுறாரு, பசங்க கேக்குறாங்க, சார் உங்ககிட்ட ரெப்பின் படம் இருக்கான்னு. ரஷ்ய ஓவியர் ரெப்பின்தான் அப்ப அங்க சாமி மாதிரி. இவருக்கு அந்தப் பேரே தெரியல. பாரிஸ்ல யாரும் சொல்லித் தரலியே.

அதோட முடியல. உருவ அழகு, வடிவம்னு பேசுறான், இவன் முதலாளித்துவக் கோட்டைன்னு முத்திரை குத்திட்டாங்க. அவர் வரைஞ்ச தொழிலாளி, விவசாயி மூஞ்சியெல்லாம் அசிங்கமா இருக்குன்னு ஏச்சு. 1953ல கட்டடக்கலை டிபார்ட்மென்ட்டுக்குத் தள்ளி விட்டுட்டாங்க, சிங்ஹுவா பல்கலைக்கழகத்துல வாட்டர்கலர் சொல்லித்தர. அப்பதான் அவர் ஒரு முடிவுக்கு வர்றாரு, மனுஷன் மூஞ்சி வரைஞ்சாத்தானே வம்பு, இனிமே மரம், மலை, வீடு. மூஞ்சியைத் திருத்திக்கொடுன்னு கேப்பான், மரத்தைத் திருத்திக்கொடுன்னு எவன் கேக்கப்போறான். நான் நிக்கிறது பெயிண்ட் கடை கவுன்ட்டர், அவர் நின்னது எங்கயோ, ஆனா இந்தத் தந்திரம் எனக்கு நல்லாப் புரியுது.

"அப்ப அந்தச் செவுரெல்லாம் பயந்துதான் வரைஞ்சாராங்க?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. எனக்கு உடனே பதில் சொல்ல வரல. பயத்துல போயிருக்கலாம், ஆனா போன எடத்துல புதையல் இருந்துச்சு இல்ல?

நாள் 3, யீசிங்

ஹாங்ஜோலேருந்து புல்லட் ரயில்ல ஒரு மணி நேரம்கூட ஆகல. யீசிங்னா டீ குடிக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த செம்மண் கலர் டீ கெட்டில் செய்யுற ஊர். வூ பொறந்தது இந்தப் பக்கத்துல ஒரு கிராமம். பழைய வீட்டைப் பாத்துடலாம்னு ஃபோன்ல சீன எழுத்தைக் காட்டி ஒரு வண்டி புடிச்சேன், டிரைவர் தம்பி ரொம்ப மரியாதையா கூட்டிட்டுப் போய் ஒரு டீ கெட்டில் மார்க்கெட் வாசல்ல எறக்கி விட்டுட்டாரு. தப்பு என்னோடதுதான், நான் காட்டினது வேற அட்ரஸ். வீட்டம்மாவுக்கு அந்தத் தப்புல ஒரு வருத்தமும் இல்ல. ஒன்றரை மணி நேரம், கடைசில ஒரு கெட்டில், பேரம் பேசுனதை நான் எழுதினா அதுவே தனி போஸ்ட்.

அதுக்கப்புறம் டவுனைத் தாண்டி வாய்க்கால் ஓரமா நடந்தோம். இந்த ஊர் முழுக்க தண்ணி. வாய்க்கால், குளம், மீன் குட்டை, நடுநடுவுல கடுகு மாதிரி மஞ்சப் பூ வயல், மூங்கில். பழைய வீடு சிலது வெள்ளையா கறுப்பு ஓட்டோட நிக்குது, புது வீடெல்லாம் டைல்ஸ். வூ சின்னப் பையனா இருக்கப்ப அவர் அப்பா அத்தை புருஷனோட மீன்பிடிப் படகைக் கடன் வாங்கி, துடுப்பு போட்டுக்கிட்டே ராத்திரி பகலா வூசிக்குப் பரீட்சை எழுதக் கூட்டிட்டுப் போனாராம். படகுலயே சமையல், படகுலயே தூக்கம், சத்திரத்துக்குக் கொடுக்கக் காசு கிடையாது. அதைப் பத்தி அவர் எழுதின கட்டுரை சீனால அஞ்சாங்கிளாஸ் பாடத்துலயே இருக்கு. நல்லா எழுதுறவரும் கூட, ஓவியர்கள்ல இது அபூர்வம்.

படகுல தாழ்வா உக்காந்து பாத்தா செவுரு எப்படித் தெரியும்னு யோசிச்சேன். அடில தண்ணிலேருந்து அடிக்கிற வெளிச்சம், மேல வானத்து வெளிச்சம், நடுவுல வெள்ளை. நான் ஒரு பாலத்துக்குக் கீழ படில குந்தி உக்காந்து பாத்தேன், உண்மைதான், தண்ணிக்குக் கிட்ட இருக்குற ஒரு முழத்துக்கு செவுரு பச்சையா இருக்கு, மேல போகப் போக வெளுக்குது. பாசி கொஞ்சம், மிச்சம் தண்ணியோட நிறம். கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான் ஜியாங்நானோட அடிப்படை நிறம், என் ஓவியத்தோட வெள்ளிச் சாம்பலுக்கு அதுதான் அஸ்திவாரம், நான் நடக்க ஆரம்பிச்சதே அங்கேருந்துதான்னு அவரே எழுதியிருக்காரு. ஜியாங்நான்னா யாங்சி ஆத்துக்குத் தெக்குப்பக்கம் இருக்குற சீமை, நம்ம இப்ப சுத்திக்கிட்டு இருக்குறதெல்லாம் அதுதான்.

நைட்டு ரயில்ல வர்றப்ப ஞாபகம் வந்துச்சு. ஆயில் பெயிண்ட் லேசுல காயாது, எண்ணெய் காத்தோட சேர்ந்து கெட்டியாகணும், நாள் கணக்குல ஆகும். அவர் ஊர் ஊரா போய் வரைஞ்ச படங்களை ஈரத்தோட ரயில்ல கொண்டு வரணும். ஒரு தடவை சீட்டுல படத்தை உக்கார வச்சுட்டு இவர் வழி முழுக்க நின்னுக்கிட்டே வந்தாராம், காலு வீங்கிப்போச்சாம். நாங்க கெட்டிலுக்கு ஒரு சீட்டு கொடுக்கல, மடியிலதான்.

நாள் 4, சுஜோ

கேன்வாஸும் பிரஷ்ஷும் ஒழுங்கா இருந்தா யாரு வேணா வரையலாம். இன்னைக்கு வூவோட சாணிக்கூடைக் கதையைச் சொல்லணும்னு காலைலேருந்து நெனைச்சுக்கிட்டு இருக்கேன், அதுக்கு முன்னாடி ஊரை முடிச்சுடறேன்.

சுஜோல எல்லாரும் தோட்டம் பாக்கப் போவாங்க. நாங்க சாங்லாங் தோட்டத்துக்குப் பக்கத்துல, வெளிநாட்டுத் தூண் வச்ச ஒரு பெரிய கட்டடத்துக்குப் போனோம். 1930கள்ல கட்டினது, சுஜோ கலைப் பள்ளி. அதை நடத்துனவர் யான் வென்லியாங், 1893ல இதே ஊர்ல பொறந்தவரு, 1988 வரைக்கும் இருந்தாரு. 1928ல பாரிஸுக்குப் படிக்கப் போனவரு, அங்க இருந்தப்ப பிளாஸ்டர் சிலைங்க சுமார் 500 வாங்கி கப்பல்ல அனுப்பி வச்சாரு, பசங்க பாத்து வரையட்டும்னு. தன் சாப்பாட்டுச் செலவைக் குறைச்சு வாங்கினது. போர்ல ஜப்பான் ராணுவம் இந்தக் கட்டடத்துல வந்து உக்காந்தப்ப அதையெல்லாம் உடைச்சுப் போட்டுட்டாங்க. அந்தத் தூண்களுக்கு நடுவுல நின்னு இதைப் படிக்கிறப்ப வயிறு என்னமோ பண்ணுச்சு.

யான் கலரைப் பத்தியே தனியா எழுதினவரு. அவர் படம் எல்லாம் சின்னச் சைசு, வெயில் பட்ட பக்கம் சூடு, நிழல் பக்கம் குளிர்ச்சி, நிழல்ல ஊதா. பாத்தா இனிப்பா இருக்கும், எனக்குக் கொஞ்சம் அதிக இனிப்பு. வூ கலர் அப்படி இல்ல, அவர் இனிப்பை எடுத்துட்டு உப்பு போட்டவரு. ஒரே சுண்ணாம்புச் செவுரு, ஒருத்தர் அதுல வெயிலைப் பாக்குறாரு, இன்னொருத்தர் வெயில் போறதுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு.

சரி, சாணிக்கூடை. 1966ல மாவோவோட கலாச்சாரப் புரட்சி வந்ததும், பழைய கலை, மேல்நாட்டுக் கலை எல்லாம் குத்தம்னு ஆனப்ப, பாரிஸ்ல வரைஞ்ச நிர்வாண ஓவியங்களை அவரே அழிச்சுட்டாரு, வீட்டுக்கு ஆள் வந்து பாத்தா உசுருக்கே ஆபத்து. 1970ல ஹேபெய் மாநிலத்துல ஒரு கிராமத்துக்கு வயல் வேலைக்கு அனுப்பிட்டாங்க, வரையவே கூடாதுன்னு தடை. கொஞ்ச நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை மட்டும் வரைஞ்சுக்கலாம்னு விட்டாங்க. கேன்வாஸ் எங்க கிடைக்கும்? கிராமத்துக் கடைல விக்கிற சின்ன கரும்பலகையை வாங்கி, மேல வஜ்ஜிரம் பூசி, அதுல ஆயில் பெயிண்ட். வஜ்ஜிரம் எதுக்குன்னு பெயிண்ட் அடிக்கிறவங்களுக்குத் தெரியும், பூசலேன்னா பலகை எண்ணெயைக் குடிச்சுடும், கலர் செத்துப்போகும். ஸ்டாண்டுக்கு சாணி அள்ளுற கூடை. அதுக்கு உயரமா ஒரு கைப்பிடி இருக்கும், அதுல பலகையைச் சாய்ச்சு வச்சா ஸ்டாண்டு ரெடி, கலர் டியூபெல்லாம் கூடைக்குள்ள. கூட இருந்தவங்க அதைப் பாத்துட்டு சாணிக்கூடை ஓவியர்னு பேரு வச்சுட்டாங்க, அப்புறம் அவனவனும் ஆளுக்கொரு கூடையைத் தூக்கிட்டு வந்துட்டான், சாணிக்கூடை பாணின்னே ஆயிப்போச்சு.

அங்க வரைஞ்சது என்னன்னா சோளம், பூசணி. வடக்கு சீனாவோட மண்ணு கலர். ஆனா அந்தக் காலத்துலதான் அவர் கலரைக் கஞ்சத்தனமா போடக் கத்துக்கிட்டாருன்னு எனக்குத் தோணுது. பச்சை முழுக்க அடக்கி, ஒரு எடத்துல மட்டும் மஞ்சப் பூ. டியூப் தீந்துட்டா அடுத்தது எப்ப கிடைக்கும்னு தெரியாதவன் கை அப்படித்தான் போகும். இது என் ஊகம், ஆராய்ச்சி இல்ல.

நாள் 5, ஜோஜுவாங்

இதுதான் நான் வந்த காரணம். நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

மலையோட அழகெல்லாம் ஹுவாங்ஷான்ல சேந்திருக்கு, தண்ணி ஊரோட அழகெல்லாம் ஜோஜுவாங்ல சேந்திருக்குன்னு வூ சொன்ன வரியை இந்த ஊர்க்காரங்க விடவே மாட்டாங்க போல. சுஜோலேருந்து பஸ்ல வந்தோம். உள்ள நுழைஞ்சதும் ரெண்டு பக்கமும் கடை, கடை பூரா பன்றிக்கால் குழம்பு, செக்கச்செவேல்னு பளபளன்னு அடுக்கி வச்சிருக்காங்க, வீட்டம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டே ஓடுனாங்க. கூட்டம்னா கூட்டம், கொடி புடிச்ச கைடுங்க, மைக். முதல் அரைமணி நேரம் எதுக்குடா வந்தோம்னு ஆயிடுச்சு.

ரெட்டைப் பாலம்னு ஒண்ணு இருக்கு, ஒரு பாலத்துக்கு வளைவு வட்டம், இன்னொண்ணுக்கு சதுரம், ரெண்டும் மூலைல ஒட்டிக்கிட்டு பழைய காலத்துச் சாவி மாதிரி. இந்த ஊரை உலகத்துக்குக் காட்டுனது வூ இல்ல, சென் யீஃபெய்னு இன்னொரு எண்ணெய் ஓவியர். ஷாங்காய்ல வளந்தவரு, 1980ல நியூயார்க் போனாரு. அவர் இந்த ரெட்டைப் பாலத்தை வரைஞ்சாரு, அதை ஆர்மண்ட் ஹாமர்ங்கிற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி முதலாளி வாங்கி 1984ல அப்ப சீனாவோட பெரிய தலைவரா இருந்த டெங் சியாவ்பிங்குக்கே பரிசா கொடுத்தாரு. அதுக்கப்புறம் டூரிஸ்ட் வெள்ளம். சென் படத்துல எல்லாம் அப்படியே இருக்கும், கல்லு கல்லா, தண்ணி தண்ணியா, பழுப்பும் கருஞ்சாம்பலுமா பழைய ஞாபகம் மாதிரி மங்கலா. திறமை அபாரம். ஆனா என்னைக் கேட்டா அது ஊரோட படம், வூ வரைஞ்சது கண்ணோட படம்.

ஏன்னு சொல்றேன். பாலத்து மேல நின்னு ஃபோன்ல முப்பது ஃபோட்டோ எடுத்தேன். ஒண்ணுலயும் நான் பாத்தது வரல. ஒண்ணுல செவுரு வந்தா படகு வரல, படகு வந்தா ஓட்டு வரிசை வரல. வூ வெளிய போய் வரையறப்ப ஒரே எடத்துல உக்கார மாட்டாராம். முதல்ல ஊரைச் சுத்தி சுத்தி நடப்பாரு, அப்புறம் இந்தக் கரைல பாதி, ஸ்டாண்டைத் தூக்கிட்டு அந்தக் கரைல மீதி, வீட்டை நகத்தி மரத்தைத் தள்ளி வச்சு ஒரே படமா கட்டுவாரு. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே, சாப்பாடு தண்ணி எதுவும் இல்லாம. என் ஃபோனுக்கு நடக்கத் தெரியாது.

இன்னொரு கொடுமையும் பண்ணுச்சு ஃபோன். சாயங்காலம் நாலு மணி இருக்கும், கூட்டம் கொஞ்சம் கலைஞ்சுது, தூறல் விட்டுது, பின்பக்கச் சந்துல ஒரு வீட்டுச் செவுரு. பழசு, சுண்ணாம்பு உரிஞ்சு, ஒழுகின தண்ணி மேலேருந்து கறுப்பா கோடு கோடா இறங்கியிருக்கு, ஈரம் ஏறுன எடத்துல ஊதா, உரிஞ்ச எடத்துல செங்கல் கலர் ரோஸா தெரியுது, கீழ பாசிப்பச்சை. ஓரத்துல ஒரு ஜன்னல்ல சிவப்பு பனியன் ஒண்ணு காயப்போட்டிருக்கு. அந்த ஒரு சிவப்பு இருக்குறதாலதான் மிச்சம் எல்லாம் பச்சையாவும் நீலமாவும் தெரியுதுன்னு கை வச்சு மறைச்சுப் பாத்தேன். மறைச்சா செவுரு சோர்ந்து போகுது, கையை எடுத்தா உயிர் வருது. அஞ்சாறு தடவை பண்ணேன். ஒரு பாட்டி கதவைத் திறந்து என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு பனியனை உள்ள எடுத்துக்கிட்டாங்க. திருடன்னு நெனைச்சிருப்பாங்க போல.

ஃபோட்டோவைப் பாத்தா செவுரு சுத்த வெள்ளை. கேமரா தானாவே வெள்ளையைச் சரி பண்ணிடுது இல்ல, ஊதாவையும் பச்சையையும் துடைச்சுத் தள்ளிடுச்சு.

வூ இந்த ஊரை 1997ல பெருசா எண்ணெய்ல வரைஞ்சாரு, ஒன்றரை மீட்டர் உயரம், கிட்டத்தட்ட மூணு மீட்டர் அகலம். 2016ல ஹாங்காங் ஏலத்துல 23 கோடியே 60 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போச்சு. இதே மனுஷன் 1991ல தனக்குத் திருப்தி இல்லாத படங்கள் இருநூத்துக்கு மேல எடுத்து அழிச்சாரு, சொகுசு பங்களாவைக் கொளுத்துறாருன்னு எழுதுனாங்க. வீட்டம்மா இதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அவரு வீட்டம்மா ஒண்ணும் சொல்லலியா?"ன்னாங்க. அந்தம்மா பேரு ஜூ பிச்சின், வாழ்க்கை பூரா கூடவே இருந்தவங்க, மழை வந்தா குடையை அவருக்குப் பிடிக்காம படத்துக்குப் பிடிப்பாங்களாம். எங்க வீட்ல குடை யாரு பிடிக்கிறான்றதை நான் எழுதல.

நாள் 6, ஷாங்காய்

புடோங்ல சீன ஆர்ட் மியூசியம். உலகக் கண்காட்சிக்கு கட்டின அந்த சிவப்புக் கட்டடம், தலைகீழா கவுத்த பிரமிடு மாதிரி இருக்கும். மெட்ரோ வாசலுக்கே போகுது. ஷாங்காய்க்கு அவர் கொடுத்த படங்கள் இப்ப இவங்ககிட்டதான், போனப்ப சிலது வெளிய இருந்துச்சு.

ஒரு சின்ன எண்ணெய் ஓவியம் முன்னாடி நாப்பது நிமிஷம் நின்னேன், செக்யூரிட்டி தம்பி ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனாரு. மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு கிட்ட. செவுரு பிரஷ்ல அடிச்சது இல்ல, கத்தி, நம்ம பட்டி பாக்குற பிளேடு மாதிரி அகலமான சின்னக் கத்தி. வெள்ளையைத் தடிமனா அள்ளி ஒரே இழுப்பு, பாதி கலந்தும் கலக்காமலும், அதனால ஒரே இழுப்புல நீலமும் சந்தனமும் வரி வரியா ஓடுது. நல்லாக் கலந்துட்டா இது வராது. எங்க மெஷின்ல டப்பாவைப் போட்டு மூணு நிமிஷம் குலுக்குறது எதுக்கு, வரி வரக்கூடாதுன்னுதான். அவர் குலுக்கவே இல்ல.

கறுப்பு ஓடும் கறுப்பு இல்ல, கரும்பச்சை கொஞ்சம், செம்பழுப்பு கொஞ்சம், கதவுல மட்டும் நிஜக் கறுப்பு. அந்த ஒரு கறுப்புப் பொட்டுதான் ஆணி, படம் பூரா அதுல தொங்குது.

அடுத்து தெரிஞ்சது ஒரு கஷ்டம். மரக்கிளை. மெல்லிசா நீளமா ஓடணும், ஆயில் பெயிண்ட் அதுக்கு ஒத்துக்காது, பசை மாதிரி இழுக்கும், ரெண்டு அங்குலத்துல பிரஷ் காஞ்சு போகும். அவர் கத்தி முனையால கோடு போட்டிருக்காரு, சில எடத்துல ஈரக் கலரைக் கீறியே விட்டிருக்காரு. போராட்டம் தெரியுது. 1974 வாக்குல அவர் மை, காகிதம்னு சீன முறைக்கும் போனதுக்கு இது ஒரு பெரிய காரணம், அதுல கோடு தண்ணியா ஓடும். எண்ணெயை விட்டுடல. ரெண்டும் ஒரு கத்தரிக்கோலோட ரெண்டு அலகு, புதுத் துணி வெட்டப் பாக்குறேன்னு சொல்லுவாரு. பக்கத்து ரூம்ல மை ஓவியங்கள், வெறும் காகிதத்தையே செவுராக்கிட்டாரு, வெள்ளை பூசவே இல்ல, நாலு கறுப்புக் கோடு, நடுநடுவுல சிவப்பு, பச்சை, மஞ்சள் பொட்டு. 1981ல ரெண்டு தகைவிலான் குருவி பறக்குற செவுரு ஒண்ணு வரைஞ்சாரு, அது ஹாங்காங்ல இருக்கு. நிங்போல ரயிலைப் பிடிக்க ஓடுற நேரத்துல ஸ்டேஷன் பக்கத்துல அந்த வீட்டைப் பாத்துட்டு, கூட வந்தவங்க கத்தக் கத்த நின்னு குறிப்பு எடுத்ததுலேருந்து வந்த படம் அது.

அப்ஸ்ட்ராக்ட் பக்கம் எவ்ளோ தூரம் போனாலும் பட்டத்தோட நூலை அறுக்கக் கூடாதுன்றது அவர் கட்சி. நூலுக்கு இந்தப் பக்கம் இருக்குறது பாக்குற சாதாரண ஜனம். நான்தான்னு வச்சுக்கோங்களேன்.

நாள் 7, ஏர்போர்ட்

கெட்டில் உடையல. புளிக்காய்ச்சல் காலி. வீட்டம்மாவுக்கு சளி. இன்னைக்கு வெயில் சுள்ளுன்னு அடிக்குது, டாக்சில வர்றப்ப பாத்த வெள்ளைச் செவுரெல்லாம் வெறும் வெள்ளையா இருந்துச்சு.

திரும்பி வந்து நாலாவது நாள், சிங்கப்பூர்

நெறைய பேரு கேட்டிருந்தீங்க, அந்தச் செவுரு கலரைக் கடைல போட முடியுமான்னு. நேத்து கடை சாத்துனதுக்கு அப்புறம் முதலாளி பர்மிஷனோட ட்ரை பண்ணேன். ஒரு லிட்டர் வெள்ளை பேஸ், கறுப்பு தொடவே இல்ல. நீலம் கொஞ்சம், அதைச் சாகடிக்க காவி அதே அளவு, ரெண்டும் சேந்து சாம்பல் ஆச்சு, மேல ஒரு துளி மஞ்சள் ஆக்சைடு. குலுக்கல. குச்சியால ஒரே ஒரு சுத்து. பட்டி பிளேடால பழைய பலகைல இழுத்தேன்.

ஈரத்துல அப்படியே வந்துச்சு, சத்தியமா, ஜோஜுவாங் பின்சந்து. காலைல வந்து பாத்தா காஞ்சு ரெண்டு ஷேடு கருத்துப் போச்சு, எமல்ஷன் அப்படித்தான் பண்ணும், அந்த வரியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து போச்சு. பலகையை கவுன்ட்டருக்குப் பின்னாடி சாய்ச்சு வச்சிருக்கேன். காலைல ஒரு கஸ்டமர் அதைப் பாத்துட்டு, அங்கிள் அந்தக் கலர் நம்பர் என்னன்னு கேட்டாங்க. நம்பர் இல்லம்மான்னேன். அப்ப வெள்ளையே கொடுங்கன்னுட்டாங்க. எந்த வெள்ளைன்னு கேட்டேன், மொறைச்சாங்க.

இன்னைக்கு நைட்டு நீலத்தைப் பாதியாக் குறைச்சுப் பாக்கணும்.